பெர்த் – லண்டன்: தூரம் ஒன்றுதான், நேரம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது

பெர்த் விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால், 14,499 கிலோமீட்டர் என்று ஒரு நொடியில் பதில் வந்துவிடும். அதற்குக் கீழேயே பயண நேரத்தையும் போட்டிருப்பார்கள். பதினேழு மணி நேரம், பதினெட்டு மணி நேரம் என்று தளத்துக்குத் தளம் கொஞ்சம் மாறும். முதல் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ஆஸ்திரேலியக் கண்டம் ஆண்டுக்கு 7 சென்டிமீட்டர் அளவில் வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், அந்தத் தூரம் நம் தாத்தா காலத்திலும் அதேதான், பேரன் காலத்திலும் அதேதான். இரண்டாவது எண்ணைத்தான் அப்படி நம்ப முடியாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எவ்வளவு எரிபொருள் ஏற்ற முடிகிறது, வழியில் எந்த நாடு எந்த நாட்டோடு சண்டையில் இருக்கிறது, இதெல்லாம் சேர்ந்துதான் அந்த நேரத்தை முடிவு செய்கின்றன. இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

நான் இருப்பது பெர்த்தில். அக்காவும் அத்தானும் பிள்ளைகளும் லண்டனில். அம்மா அப்பா திண்டுக்கல்லில். ஆக எங்கள் குடும்பத்துக்கு இந்த உலகத்தில் மூன்று ஊர்கள்தான் முக்கியம், அந்த மூன்றுக்கும் நடுவே உள்ள தூரத்தையும் நேரத்தையும் நான் பல வருடமாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

முதலில் தூரத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று பார்த்துவிடலாம். ஓர் உலக உருண்டையை எடுத்து, பெர்த்தில் ஒரு விரலும் லண்டனில் ஒரு விரலும் வைத்து, நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் அது எந்த வழியாகப் போகிறதோ அதுதான் மிகக் குறுகிய பாதை. இதைப் பெருவட்டம் என்று சொல்வார்கள், அதாவது பூமியின் மையத்தின் வழியாக உருண்டையைச் சரிபாதியாக வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் ஒரு துண்டு. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும் தெரிந்தால் போதும், பள்ளிக்கூடத்தில் படித்த சைன், கொசைனை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பூமியைச் சரியான உருண்டை என்று வைத்துக்கொண்டு நான் போட்டுப் பார்த்தபோது 14,508 வந்தது. உண்மையில் பூமி துருவப் பக்கம் லேசாகத் தட்டையானது, நடுவில் ஆரம் 6,378 கிலோமீட்டர் என்றால் துருவத்தில் 6,357தான். அதையும் சேர்த்துக்கொண்டால் 14,499 என்று ஆகிறது. பதினான்காயிரத்தில் வெறும் ஒன்பது கிலோமீட்டர் வித்தியாசம், சைக்கிளில் போய்விடலாம்.

சரி, அந்த நூல் எந்தெந்த ஊருக்கு மேலே போகிறது? இதைக் கணக்குப் போட்ட அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. பெர்த்திலிருந்து வடமேற்கே கிளம்பி, இந்தியப் பெருங்கடலில் கொக்கோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் போய், பூமத்திய ரேகையை 86 டிகிரி கிழக்கில் தாண்டி, இலங்கையில் அம்பாந்தோட்டைக்குக் கிழக்கே கரையேறுகிறது. கண்டிக்கு மேற்கே போய் புத்தளத்தில் மறுபடியும் கடலுக்குள் இறங்குகிறது. மன்னார் வளைகுடாவைத் தாண்டி நம் கீழக்கரைப் பக்கம் வந்து, மதுரைக்குக் கொஞ்சம் கிழக்கே, நேராக எங்கள் திண்டுக்கல்லுக்கு மேலே, அப்புறம் திருப்பூர். அங்கிருந்து குடகு, கார்வார், அரபிக்கடல். பாகிஸ்தானின் மக்ரான் கரை, ஈரானின் குறுக்கே டெஹ்ரான் பக்கம், ஆர்மீனியாவில் யெரெவான் பக்கம், கருங்கடல், கிரிமியாவின் மேற்கு ஓரம், மேற்கு உக்ரைன், ஸ்லோவாக்கியா, பிராக் நகரின் பக்கம், ஜெர்மனியில் கொலோன், கடைசியில் லண்டன்.

நான் இருக்கும் ஊரையும் அக்கா இருக்கும் ஊரையும் இணைக்கும் மிகக் குறுகிய கோடு எங்கள் அம்மா வீட்டுக்கு மேலே போகிறது! பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருக்கலாம், அதை விடுங்கள். அம்மாவிடம் இதைப் போனில் சொன்னபோது, "அப்ப இங்கயே இறங்கிட்டுப் போகலாம்ல?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன், அது சாதாரணக் கேள்வி இல்லை.

சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் வேறு வழி வரும். அது மாலத்தீவைத் தொட்டு, இந்தியாவை முழுசாக விட்டுவிட்டு, அரபு தீபகற்பத்தின் குறுக்கே போய், எகிப்தின் விளிம்பில் மத்தியதரைக் கடலுக்கு வரும். அந்த வழியின் நீளம் கிட்டத்தட்ட 14,770 கிலோமீட்டர். ஆக நேர்வழியைவிட 270 கிலோமீட்டர்தான் அதிகம், விமானத்துக்கு அது இருபது நிமிடம்கூட இல்லை. இப்படி எல்லா ஊருக்கும் அமையாது. சிங்கப்பூர்–நியூயார்க் மாதிரி வடதுருவத்தை ஒட்டிப் போகும் பாதைகளில் தட்டை வரைபடக் கோட்டுக்கும் உண்மையான குறுக்குவழிக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வித்தியாசம் வரும். பெர்த்–லண்டன் பூமத்திய ரேகையைக் குறுக்கே வெட்டிப் போவதால் இந்தச் சலுகை. இந்தச் சலுகை எவ்வளவு பெரியது என்று கொஞ்ச நேரத்தில் தெரியும், ஏனென்றால் அந்த நேர்கோட்டில் விமானம் பறக்க முடிவதே இல்லை.

கோட்டை மறுபடியும் பாருங்கள். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானத்துக்கு மூடிக் கிடக்கிறது. அதற்கும் முன்னால், 2014 ஜூலை 17 அன்று அதே நாட்டின் கிழக்குப் பகுதியில், 33,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்த மலேசிய விமானம் எம்எச்17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்துபோனார்கள். 2020 ஜனவரி 8 அன்று டெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானம் ஏவுகணையால் அடிக்கப்பட்டு 176 பேர் இறந்தார்கள். இரண்டு விமானங்களிலும் இருந்தவர்கள் நம்மை மாதிரி வீட்டுக்குப் போகிறவர்கள், படிக்கப் போகிறவர்கள், விடுமுறைக்குப் போகிறவர்கள். எந்த வான்வெளி பாதுகாப்பானது என்று விமான நிறுவனங்கள் தினமும் உட்கார்ந்து யோசிப்பதற்குப் பின்னால் இந்த உயிர்கள் இருக்கின்றன. "ஏன் இவ்வளவு சுத்திப் போறாங்க" என்று சீட்டுக்கு முன்னால் இருக்கும் வரைபடத்தைப் பார்த்து யாராவது சலித்துக்கொள்ளும்போது எனக்கு இவர்கள் ஞாபகம்தான் வரும்.

இந்தக் கோட்டின் முதல் பாதியில் நடந்த ஒரு கதை பலருக்குத் தெரியாது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதுவரை ஆஸ்திரேலியாவையும் பிரிட்டனையும் இணைத்துக்கொண்டிருந்த விமான வழி அதோடு அறுந்துபோனது. மறுபடியும் இணைக்க ஒரே வழி, பெர்த்திலிருந்து இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் தாண்டி இலங்கைக்குப் போவது. 1943-இன் நடுவில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவனத்தினர் ஐந்து கேட்டலினா கடல் விமானங்களை வைத்து அதைத் தொடங்கினார்கள். கிளம்புவது பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து, இறங்குவது காலி நகருக்குப் பக்கத்தில் உள்ள கொக்கலை ஏரியில். தூரம் 5,600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கேட்டலினா மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில்தான் போகும். ஆக ஒரு பயணத்துக்குச் சுமார் 28 மணி நேரம் ஆகும், அதிகபட்சமாக ஒருமுறை 32 மணி 9 நிமிடம் ஆகியிருக்கிறது. இன்றைய எந்தப் பயணிகள் விமானமும் அவ்வளவு நேரம் தொடர்ந்து ஆகாயத்தில் இருப்பதில்லை.

எரிபொருளின் எடை அத்தனையும் போக, மிச்சம் ஏற்ற முடிந்தது மூன்று பயணிகளும் 69 கிலோ அஞ்சலும் மட்டும்தான். ஜப்பானியருக்குத் தெரிந்துவிடக்கூடாது என்பதால் வானொலியில் பேசக்கூடாது. கீழே கடலைத் தவிர எதுவும் இல்லை. இரவெல்லாம் நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஐந்து விமானங்களுக்கும் மாலுமிகள் வழிகாட்டியாக வைத்துக்கொள்ளும் நட்சத்திரங்களின் பெயரையே வைத்திருந்தார்கள்: ஆல்டேர், வேகா, ரைஜல், ஸ்பைகா, அன்டாரஸ். இவற்றில் ஆல்டேர் நம் திருவோணம், ஸ்பைகா சித்திரை, அன்டாரஸ் கேட்டை. போகும் வழியில் இரண்டு முறை சூரிய உதயம் பார்ப்பார்கள் என்பதால் அந்தப் பயணங்களுக்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்று பெயர் வந்தது, பயணிகளுக்கு அதற்கென்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். 1945 ஜூலை வரை 271 முறை கடலைத் தாண்டினார்கள், ஒரு உயிர்கூடப் போகவில்லை. நட்சத்திரக் கணக்கை நம்பி, சத்தம் போடாமல், ஒரு பகல் ஓர் இரவு முழுக்க அந்தக் கடலுக்கு மேலே உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. விமானப் போக்குவரத்து வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான வழக்கமான சேவை ஒன்று இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

போர் முடிந்தபிறகு நேரம் கிடுகிடுவென்று குறைந்தது. 1935-இல் பிரிஸ்பேனிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் போகப் பன்னிரண்டரை நாள் ஆனது, வழியெல்லாம் இறங்கி ஏறித்தான். 1947 டிசம்பர் 1 அன்று சிட்னியிலிருந்து கிளம்பிய லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று ஊர் ஊராகத் தொட்டு நான்கு நாளில் லண்டன் போனது. பயணிகள் 29 பேர், ஊழியர்கள் 11 பேர். அந்த நான்கு நாளில் பறந்த நேரம் 55 மணிதான், மிச்சமெல்லாம் தரையில். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்ப் பயணத்துக்கு இது இன்னும் பொருந்தும்.

நிற்காமல் போவது 2018 மார்ச் 24 அன்றுதான் சாத்தியமானது. போயிங் 787-9 பெர்த்தில் மாலையில் கிளம்பி, 17 மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்து, மறுநாள் விடிகாலையில் ஹீத்ரோவில் இறங்கியது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடியாகப் போன முதல் வழக்கமான சேவை அது. சீட் 236. அந்த விமானத்தின் தொட்டிகள் முழுதாக நிரம்பினால் 1 லட்சத்து 26 ஆயிரம் லிட்டர், எடையில் 100 டன்னுக்கு மேல். விமானம் தரையை விட்டு எழும்ப அனுமதிக்கப்பட்ட மொத்த எடையே 254 டன்தான். அதாவது ஐந்தில் இரண்டு பங்கு எரிபொருள்! பயணிகளும் பெட்டிகளும் சாப்பாடும் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இங்கேதான் நீண்ட தூரத்தின் சிக்கல் புரியும். பதினேழாவது மணி நேரத்தில் எரிக்கப் போகும் எண்ணெயை முதல் பதினாறு மணி நேரமும் சுமந்துகொண்டு போக வேண்டும், அந்தச் சுமையைத் தூக்குவதற்கே தனியாக எண்ணெய் எரிய வேண்டும். தொடக்கத்தில் விமானம் அவ்வளவு கனமாக இருப்பதால் உடனே உச்சிக்கு ஏற முடியாது. எண்ணெய் குறையக் குறையப் படிப்படியாக மேலே போகும். உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை, திரையில் உயரம் காட்டும் எண் நடுராத்திரியில் 2,000 அடி கூடியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது காற்று. 787 வழக்கமாக மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொண்டால், 14,499-ஐ அதால் வகுக்கப் பதினாறு மணி நேரம் சொச்சம் வரும். ஆனால் அந்த 900 என்பது சுற்றியிருக்கும் காற்றோடு ஒப்பிட்ட வேகம். காற்றே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வந்தால் தரையோடு ஒப்பிட்டு விமானம் நகர்வது 800தான். பூமியின் இரு அரைக்கோளங்களிலும் நடு அட்சரேகைப் பகுதிகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம் இருக்கிறது. லண்டனுக்குப் போகும்போது மேற்கே போகிறோம், அது எதிர்க்காற்று. திரும்பி வரும்போது முதுகில் தள்ளும் காற்று. அதனால்தான் அட்டவணையிலேயே போகும் நேரம் அதிகமாகவும் வரும் நேரம் குறைவாகவும் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் சியாரா புயல் அடித்தபோது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது, வழக்கமாக ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும் பயணம்.

இதற்கு நான் கண்ட மிகச் சிறந்த உதாரணம் 2024 ஏப்ரலில் நடந்தது. ஈரானைச் சுற்றிப் பதற்றம் கூடியதும் குவாண்டாஸ் அந்த வான்வெளியைத் தவிர்த்தது. சுற்றிப் போனால் எண்ணெய் போதாது, அதனால் பெர்த்திலிருந்து லண்டன் போகும் விமானம் தற்காலிகமாகச் சிங்கப்பூரில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போனது. ஆனால் லண்டனிலிருந்து பெர்த் வரும் விமானம் எப்போதும்போல நிற்காமல் நேராகவே வந்தது! அதே இரண்டு ஊர், அதே தூரம், அதே வகை விமானம். ஒரு பக்கம் முடியும், இன்னொரு பக்கம் முடியாது. காற்றுதான் காரணம். அந்த நாட்களில் "பெர்த்துக்கும் லண்டனுக்கும் எவ்வளவு நேரம்" என்ற கேள்விக்கு ஒரே பதில் சொல்லவே முடியாது. எந்தப் பக்கமிருந்து கேட்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டியிருக்கும்.

சாதனைப் பயணங்களும் இதையேதான் சொல்கின்றன. 1989 ஆகஸ்டில் ஒரு 747-400 விமானம் பயணிகள் கூட்டம் இல்லாமல் லண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடத்தில் நிற்காமல் வந்தது. முப்பது வருடம் கழித்து, 2019 நவம்பரில் ஒரு 787-9 அதே வழியில் சோதனைப் பயணமாக 19 மணி 19 நிமிடத்தில் வந்தது. இரண்டுமே லண்டனிலிருந்து சிட்னிக்குத்தான் வந்தன. இவ்வளவு தூரத்தில் பின்னால் தள்ளும் காற்றை யாரும் சும்மா விட்டுவிட மாட்டார்கள்.

விமானம் பறக்கும் நேரம் வேறு, டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிக்கெட்டில் இருப்பது கதவைச் சாத்தி வண்டி பின்னால் நகரத் தொடங்கும் நேரத்திலிருந்து, போய்ச் சேர்ந்து நிறுத்துமிடத்தில் நிற்கும் வரை. ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் கூட்டம் அதிகமாக இருந்தால் லண்டனைச் சுற்றி நான்கு இடங்களில் வட்டமடித்துக் காத்திருக்கும்: பொவிங்டன், லாம்போர்ன், பிகின் ஹில், ஆக்கம். பதினேழு மணி நேரம் பறந்துவிட்டு, அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டு, அங்கே சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்கள் மாதிரி நீளமான நேரம் வேறு கிடையாது. அங்கே இரவு நேரக் கட்டுப்பாடும் உண்டு, நினைத்த நேரத்துக்கு இறங்க முடியாது, அதனால் காற்று நன்றாக இருந்து விமானம் சீக்கிரம் வந்துவிட்டாலும் அந்த லாபம் முழுசாக நம் கைக்கு வராது.

வான்வெளி மூடப்பட்டதால் அதிகம் அடிபட்ட பாதை என்றால் ஹெல்சின்கி–டோக்கியோதான். ரஷ்யாவுக்கு மேலே நேராகப் பறந்தால் ஒன்பதரை மணி நேரம். அதை நம்பித்தான் பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் ஆசியாவுக்கு மிகக் குறுகிய வழி எங்கள் ஊர் வழி என்று தொழிலையே கட்டி எழுப்பியிருந்தது. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடியதும் அதே பயணம் 13 மணி நேரம் ஆகிவிட்டது, வடதுருவத்துக்கு மேலே சுற்றிப் போனார்கள். நமக்கும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் தெற்கே சுற்றி, சில நாள் ஐரோப்பாவில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போக வேண்டியதாயிற்று. டெல்லி நகர்ந்து போகவில்லை, நியூயார்க்கும் நகர்ந்து போகவில்லை.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

பெர்த்திலிருந்து திண்டுக்கல் நேர்கோட்டில் 6,200 கிலோமீட்டர். லண்டன் தூரத்தில் பாதிகூட இல்லை. லண்டன் விமானம் அந்த நேர்கோட்டில் பறந்தால் கிளம்பி ஏழு மணி நேரத்தில் எங்கள் மலைக்கோட்டைக்கு மேலே வந்திருக்கும். நான் ஊருக்குப் போக வேண்டுமென்றால் என்ன ஆகிறது? பெர்த்திலிருந்து தமிழ்நாட்டுக்கு நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூருக்கு ஐந்தேகால் மணி நேரம். அங்கே அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பது சில நேரம் நான்கு மணி நேரம், சில நேரம் எட்டு, ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும்படியும் அமையும். அங்கிருந்து திருச்சிக்கு நான்கு மணி நேரம். இமிக்ரேஷன், பெட்டி, அப்புறம் காரில் இரண்டு மணி நேரம். கூட்டிப் பாருங்கள், பதினைந்திலிருந்து இருபது மணி நேரம். ஆக, பாதித் தூரத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கவும் இரண்டு மடங்குக்கு மேல் தூரத்தில் இருக்கும் அக்காவைப் பார்க்கவும் எனக்கு ஆகும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றேதான். சிங்கப்பூர் வழியாகச் சுற்றுவதால் கூடும் தூரம் எவ்வளவு தெரியுமா? பெர்த்–சிங்கப்பூர் சுமார் 3,900, சிங்கப்பூர்–திருச்சி சுமார் 2,980, அப்புறம் ரோட்டில் ஒரு 100. மொத்தம் ஏழாயிரத்துக்குள். நேர்கோட்டைவிட 800 கிலோமீட்டர்கூட அதிகமில்லை, விமானத்துக்கு ஒரு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கும் நேரம். 1947-இல் நான்கு நாளில் 55 மணி நேரம் மட்டும் பறந்தார்களே, அதே நிலைமையில்தான் நாங்கள் இன்றைக்கும் ஊருக்குப் போய் வருகிறோம்.

அதனால் இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பார்த்து "இவ்வளவு நேரத்தில் போய்விடலாம்" என்று யாராவது சொன்னால், நேரடி விமானம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அது இருந்தால்தான் தூரத்துக்கும் நேரத்துக்கும் உறவே உண்டு. இல்லாவிட்டால் நேரத்தை முடிவு செய்வது அடுத்த விமானம் எத்தனை மணிக்கு என்ற அட்டவணைதான். டிக்கெட் எடுக்கும் முன் விமானங்களின் நகர்வைக் காட்டும் தளங்களில் போன பத்து நாளில் அந்த விமானம் உண்மையில் எத்தனை மணி நேரம் பறந்தது, எந்த வழியாகப் போனது என்று பார்த்துவிடுவது என் பழக்கம். காற்றும் போரும் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று அதில் அப்படியே தெரியும். வயதானவர்களை அனுப்பும்போது இது ரொம்ப உதவும், அவர்களுக்கு ஒரு மணி நேரம் அதிகம் என்பது மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாவற்றையும் மாற்றிவிடும் விஷயம்.

அந்த நீண்ட பயணத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். இருட்டாக இருக்கும். மாலையில் பெர்த்தில் கிளம்பி மேற்கே போவதால் ராத்திரியும் கூடவே வரும், குளிர்காலத்தில் லண்டனில் இறங்கும்போதும் விடிந்திருக்காது. கேட்டலினாவில் போனவர்கள் இரண்டு சூரியோதயம் பார்த்தார்கள், இதில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் இறங்கலாம். நான்கு பைலட்டுகள் முறை வைத்து ஓட்டுகிறார்கள், தூங்குகிறார்கள். நான் எழுந்து எழுந்து நடப்பேன், கால் வீங்காமல் இருக்க அது அவசியம். போன முறை திரையில் பார்த்தபோது விமானம் இந்தியாவின் தென்முனையை வலப்பக்கம் விட்டுவிட்டு அரபிக்கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. வரைபடத்தில் மதுரை என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்கு நேர் வடக்கே ஓர் அங்குலத்துக்கும் குறைவான தூரத்தில் அம்மா தூங்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன், இறங்க முடியாதே என்று அப்போது நெஞ்சு அடைத்துக்கொண்டது உண்மை.

சிட்னி–லண்டன் நேரடி விமானத்துக்காக குவாண்டாஸ் 2022-இல் பன்னிரண்டு ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 20,000 லிட்டர் கூடுதல் தொட்டி, 238 சீட், 22 மணி நேரம் வரை பறக்கும். அந்தத் திட்டத்துக்குப் 'புராஜெக்ட் சன்ரைஸ்' என்று பெயர், அந்தப் பழைய கேட்டலினாக்காரர்களை நினைத்து வைத்த பெயர். 17,000 கிலோமீட்டரைத் தாண்ட இவ்வளவு மெனக்கெடுகிறார்கள், சந்தோஷம். பெர்த்துக்கும் சென்னைக்கும் இடையே சுமார் 6,280 கிலோமீட்டர்தான். அதற்குத் தனியாகத் தொட்டி வேண்டாம், புது விமானம் வேண்டாம், இன்று ஓடும் சாதாரணப் பெரிய விமானங்களே எட்டு மணி நேரத்தில் போய்விடும், வழியில் யாருடைய போரும் குறுக்கே இல்லை, முழுக்கக் கடல். வாரத்துக்கு இரண்டு முறை விட்டால்கூடப் போதும். இங்கே பெர்த்தில் இருக்கும் தமிழர்கள், மலையாளிகள், தெலுங்கர்கள், இலங்கைக்காரர்கள் எல்லோரும் ஏறுவார்கள், நான் முதல் வாரமே டிக்கெட் எடுப்பேன். அப்படி ஒரு விமானம் வந்தால், காலையில் இங்கே கிளம்பி ராத்திரிச் சாப்பாட்டுக்கு அம்மா கையால் தோசை சாப்பிட்டுவிடலாம்.